தெரிந்தவராக இருக்கலாம்

வாட்ஸாப் குழுவில் ஆயிரத்து இருபத்து நாலு பேர்
நிரம்பிவிட்டார்களாம்.
மதகு எப்போது தூக்குகிறார்கள்,
உரம் வந்ததா வரவில்லையா,
எல்லாம் இனிமேல் அந்தப் புது ஆப்பில்தான்
என்று சொல்லிவிட்டுப் போனான் செயலாளர் மதியரசன்,
வண்டியை விட்டு இறங்காமலே.

எனக்கு வேண்டாம் என்று பதினேழு நாள் இருந்தேன்.
கடைமடைக்காரி நான்.
காவிரி எங்கெங்கோ குளித்துவிட்டுக்
கடைசியாகக் கால் கழுவத்தான் எங்கள் பக்கம் வருவாள்.
சேதியும் அப்படியே வந்தால் போதும் என்று இருந்தேன்.
பதினெட்டாம் நாள் ராத்திரி
வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது.
ஊரே மடை வெட்டி வாங்கியிருக்கிறது.
என் மடையை உரசிக்கொண்டு
பாதி தண்ணீர் வடிகாலுக்குப் போய்விட்டது.
அடுத்த வயல்காரன் ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.
அடுத்த வயல்காரன் கொடுக்க மாட்டான்.

பெயர் கேட்டது.
நீலாயதாட்சி.
இந்தப் பெயரை வேறொருவர் வைத்திருக்கிறார் என்றது.
நாகப்பட்டினத்துக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டு
அம்மா வைத்த பெயர்.
பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும்
ஒரே மூச்சில் கூப்பிட்டதில்லை.
அதையும் எடுத்துவிட்டாள் எவளோ.
பின்னால் ஏதாவது எண் சேருங்கள் என்றது.
பட்டா எண்ணைச் சேர்த்தேன்.
எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்.

படம் கேட்டது. வரப்பை எடுத்துப் போட்டேன்.
உங்களைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்றது.
அதற்குப் பக்கத்திலேயே
தாண்டிச் செல்க என்று ஒரு பொத்தான்.
ஐம்பத்தொரு வயசுக்கு
இப்படி ஒரு பொத்தானை இப்போதுதான் பார்க்கிறேன்.

போனில் இருக்கும் எண்களைப் பார்க்கலாமா என்றது.
எல்லாத்துக்கும் சரி போடுங்கக்கா
என்று சொல்லியிருந்தான் மதியரசன்.
போட்டேன்.

உடனே,
உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்று
ஒரு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது.
பக்கிரிசாமி.

இருக்கலாமா!

நான் கிடந்த வயிற்றில் எனக்கு முன்னால் கிடந்தவன்.
ஆறு மா நிலத்துக்காகக்
கீழ்வேளூர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று
பத்திர எழுத்தரிடம் சொன்னவன், என்னிடம்கூட இல்லை.
பதினோரு வருஷம்.
நடுவில் ஒரு வரப்பு.
அவன் பீடிப்புகை எந்தக் காற்றுக்கு என் வாசலுக்கு வரும்
என்பது வரைக்கும் தெரியும்.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் தொட்டேன்.

நாற்பத்தோரு வீடியோ.
ஒன்றிலும் அவன் இல்லை. குரல்கூட இல்லை.
அறுத்த தாளில் வாத்துக்கூட்டம் இறங்குகிறது.
நண்டு வளைக்குள் தண்ணீர் போகிறது.
கம்பியில் ஒரு மீன்கொத்தி
முழுதாக ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
இவனுக்கா இத்தனை பொறுமை?
இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது,
ஓரத்தில் ஒரு நீலத் தகரம்.
புயலுக்குப் பிறகு நான் போட்ட கூரை.
இன்னொன்றில் கொடியில் என் புடவை.
வேறொன்றில்
தூரத்தில் குனிந்து களை பறிக்கும் ஒருத்தி.
முதுகைப் பார்த்து அம்மா என்று நினைத்துவிட்டேன்.
அம்மா போய்த்தான் பதினாலு வருஷம் ஆகிறதே.
யாருங்க அது வயல்ல என்று எவனோ கேட்டிருந்தான்.
பக்கத்து வயல்
என்று பதில் போட்டிருந்தான் பக்கிரிசாமி.

மணி பதினொன்றரை.
வெளியே அவனுடைய ஆயில் இன்ஜின்
வாய்க்காலின் மிச்சத்தை இழுத்துக்கொண்டிருந்தது.
விடிகாலை மூன்று வரைக்கும் ஓடும் அது,
எனக்குத் தெரியாதா.
சேற்றில் வெடித்த கட்டைவிரல் எங்கே பட்டதோ,
மீன்கொத்திக்குக் கீழே
ஒரு சின்ன இதயம் சிவந்துவிட்டது.
பதறித் திரும்பத் தொட்டேன், வெளுத்தது.
போட்டதும் போகுமா, எடுத்ததும் போகுமா அவனுக்கு?
மதியரசனிடம் இதையெல்லாம் கேட்க முடியாது.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இன்ஜின் நின்றது.

டீசல் தீர்ந்திருக்கலாம்.